விடுதிக்கு நீட்டிப்பு, வீட்டுக்கு புல்டோசர்

தலைநகர் தில்லியில் 2025 ஜூன் மாதம் இரண்டு நிகழ்வுகள் நடந்தேறின. நாளேடுகளில் அவை வெவ்வேறு பக்கங்களில் இடம்பெற்றன. ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் இந்நகரம் யாருக்காக ஆளப்படுகிறது என்ற கேள்விக்கு அவ்விரண்டும் சேர்ந்தே விடை தருகின்றன.

முதலாவது, ஜூன் 1 அன்று நடந்தது. ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் உழைப்பாளி மக்கள் வாழ்ந்துவந்த மதராசி கேம்ப் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டி, காவல்துறையின் காவலோடு புல்டோசர்கள் வந்தன. ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களே மாற்றுக் குடியிருப்புக்குத் தகுதியுள்ளவை என்று இடிப்பு தொடங்கியபோது அறிவிக்கப்பட்டிருந்தது. அவர்களுக்கும் வீடு ஒதுக்கப்பட்ட இடம், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நரேலா.

இரண்டாவது, ஜூன் 19 அன்று நடந்தது. ஓட்டல்கள், விருந்தினர் இல்லங்கள், உணவகங்கள் உள்ளிட்ட ஏழு வகைத் தொழில்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தைத் தில்லி காவல்துறையிடமிருந்து விலக்கித் துணைநிலை ஆளுநர் உத்தரவிட்டார். இனி அந்த வேலையை உள்ளாட்சி அமைப்புகளும் உரிய துறைகளுமே கவனிக்கும். தொழில் நடத்துவதை எளிதாக்கும் சீர்திருத்தம் என்று ஆட்சியாளர்கள் இதைக் கொண்டாடினர். காவல் நிலையத்தில் உரிமத்துக்காகக் கையேந்தி நிற்கும் நிலை ஒழிந்ததற்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. சிறிய உணவகம் நடத்துபவர்கள் அனுபவித்த தொல்லையை நாம் அறிவோம். ஆனால் நாம் கேட்பது வேறு. விடுதி நடத்துவதை எளிதாக்க இவ்வளவு அக்கறை காட்டும் அரசு, விடுதிகளில் தரை துடைப்பவரும் துணி வெளுப்பவரும் இந்நகரில் குடியிருப்பதை ஏன் இவ்வளவு கடினமாக்குகிறது?

ஒரே கோட்பாடு, இரண்டு நியாயங்கள்

நகரத் திட்டச் சட்டங்களில் ஒரு கோட்பாடு உண்டு. புதிய விதி வரும்போது, அதற்கு முன்பிருந்தே நடந்துவரும் பயன்பாட்டை உடனே ஒழிக்காமல் தொடர அனுமதிப்பது. ஒரு தெரு குடியிருப்புப் பகுதி என்று வரையறுக்கப்படுகிறது. அதற்கு முன்பே அங்கே கடையோ விடுதியோ இருந்தால் அது தொடரலாம். இதை முன்னிருப்பு உரிமை எனலாம். கோட்பாட்டளவில் இதில் தவறில்லை. ஒருவர் ஆண்டுக்கணக்கில் கட்டியெழுப்பிய வாழ்வை ஒரே நாளில் ஒரு வரைபடக் கோடு அழித்துவிடக் கூடாது என்பதே இதன் பொருள். பிரச்சனை, இந்தக் கோட்பாடு யாருக்குப் பொருந்துகிறது என்பதில்தான் இருக்கிறது.

தில்லியின் முதல் பெருந்திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், 1962இல் நடைமுறைக்கு வந்தது. இன்று நடைமுறையிலுள்ள 2021ஆம் ஆண்டுக்கான பெருந்திட்டம் 2007 பிப்ரவரி 7 அன்று அறிவிக்கை செய்யப்பட்டது. 1962க்கு முன்பிருந்தே குடியிருப்புப் பகுதியில் நடந்துவரும் வணிகம், ஆவணச் சான்று இருந்தால் தொடரலாம் என்று அது கூறுகிறது. பகார்கஞ்ச், கரோல்பாக், பழைய மதில் நகரம் ஆகியவை சிறப்புப் பகுதிகளாக வகைப்படுத்தப்பட்டுத் தனி விதிகள் பெற்றன. ரயிலிலிருந்து இறங்கும் பயணி முதலில் காணும் லாட்ஜுகள் நிறைந்த தெருக்கள் இவை. குடியிருப்பு மனைகளில் விருந்தினர் இல்லம் நடத்துவதும் சாலையின் அகலம் முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதிக்கப்பட்டது. அதற்கெனக் கலப்புப் பயன்பாட்டுக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. லால் டோரா எனப்படும் கிராம நத்தத்துக்குக் கட்டட விதிகளில் நெடுங்காலம் விலக்கு இருந்தது. விமான நிலையத்தை ஒட்டிய மகிபால்பூரில் ஓட்டல்கள் வரிசையாக எழும்பியது அத்தகைய மண்ணில்தான்.

2006 பிப்ரவரியில், எம்.சி.மேத்தா வழக்கில், குடியிருப்புப் பகுதிகளில் விதிமீறி நடக்கும் வணிக நிலையங்களுக்கு சீல் வைக்க உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. நகரமே கொந்தளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சீலம்பூரில் நடந்த போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. சிறு வணிகர்கள், சிறு பட்டறைக்காரர்கள், அவர்களிடம் வேலை பார்த்த தொழிலாளர்கள் ஆகியோரின் வாழ்வாதாரம் கேள்விக்குறியானது. அதற்கு முன்பே, அவ்வாண்டு மே மாதத்தில், நாடாளுமன்றம் தில்லிக்கான சிறப்பு விதிகள் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. ஓராண்டுக்கான தற்காலிக ஏற்பாடு என்றே அது அறிமுகமானது. அதன் தொடர்ச்சியாகப் பல சட்டங்கள் வந்தன. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் 2014 இறுதி வரை. பின்னர் 2017 வரை. பின்னர் 2020 வரை. பின்னர் 2023 வரை. இப்போது 2026 டிசம்பர் 31 வரை. ஓராண்டுக்கென வந்த பாதுகாப்பு இருபதாம் ஆண்டை நெருங்குகிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் நீட்டிப்பு தவறவில்லை.

இந்த நீட்டிப்புகளை நாம் முற்றாக எதிர்க்கவில்லை. அங்கீகாரமற்ற காலனிகளில் வாழும் இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கும், தெருவோர வணிகர்களுக்கும் இச்சட்டம் ஓரளவு நிழல் தந்திருக்கிறது. குடிசைப் பகுதி மக்களும் இதன் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் அடுத்த பிரிவிலேயே விதிவிலக்கு காத்திருக்கிறது: குறிப்பிட்ட பொதுத் திட்டங்களுக்கு நிலம் தேவைப்பட்டால், அரசின் கொள்கைப்படி குடிசைகளை அகற்றலாம். ஆக, ஒரே சட்டம் கட்டட உடைமையாளருக்குக் கல் சுவராகவும் குடிசைவாசிக்குக் கிழிந்த பாயாகவும் இருக்கிறது.

தகுதி நாள் என்னும் வலை

குடிசைவாசிக்குரிய முன்னிருப்பு உரிமை எப்படிப்பட்டது என்று பாருங்கள். தில்லி அரசின் 2015ஆம் ஆண்டு மறுகுடியமர்த்தல் கொள்கைப்படி, குடியிருப்பு 2006 ஜனவரி 1க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு 2015 ஜனவரி 1க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய குறிப்பிட்ட ஆண்டுகளின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டிலும் இருக்க வேண்டும். பட்டியலிட்ட அடையாள ஆவணங்களில் ஒன்று வேண்டும். மகனுக்குத் திருமணமாகி மாடியில் தனிக்குடித்தனம் நடத்தினால், அந்தக் குடும்பத்துக்கு உரிய தேதிக்கு முன் பெற்ற தனி ரேஷன் அட்டை வேண்டும். இத்தனையும் தேறினால், வீட்டுக்கு 1,12,000 ரூபாயும் பராமரிப்புக்கு 30,000 ரூபாயும் கட்ட வேண்டும்.

மதராசி கேம்பில் 181 குடும்பங்கள் முதல் கணக்கில் கழிக்கப்பட்டது இந்த வலையில்தான். ஐம்பது ஆண்டுகள் ஓரிடத்தில் வாழ்ந்த குடும்பம், ஒரு தாள் இல்லாததால் வாழாத குடும்பமாகிவிடுகிறது. வெள்ளத்தில் நனைந்த அட்டை, பெயரில் ஓர் எழுத்துப் பிழை, ஊருக்குப் போயிருந்த ஆண்டில் நீக்கப்பட்ட வாக்கு போன்றவை குடிசைப் பகுதியில் அன்றாடம் நேர்வன. விடுதி உடைமையாளரின் விதிமீறலுக்கு நாடாளுமன்றமே கூடித் தேதியை நகர்த்துகிறது. வீட்டு வேலை செய்யும் பெண்ணின் தேதி மட்டும் 2015 ஜனவரி 1இல் உறைந்து நிற்கிறது.

அந்தக் கொள்கையிலேயே இன்னொரு விதியும் உண்டு. மறுகுடியமர்த்தல் அதே இடத்தில் நடக்க வேண்டும். முடியாவிட்டால் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நடக்க வேண்டும். அதைத் தாண்டுவது விதிவிலக்கான சூழலில் மட்டுமே. நரேலாவுக்கு அனுப்பியதில் விதிவிலக்கே விதியாகிவிட்டது. ஜங்புராவிலும் அதைச் சுற்றியுள்ள காலனிகளிலும் காலை ஆறு மணிக்குப் பாத்திரம் துலக்கப் போன பெண்கள் நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது? தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் படித்துவந்த பிள்ளைகள் எங்கே படிப்பது? ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் தில்லியில் பிறந்து தில்லியிலேயே வேலை செய்யும் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கு ஊர் என்பது இதுதான். திரும்பிப் போக அவர்களுக்கு வேறு ஊர் இல்லை.

வடிகால் அடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் தேங்குகிறது, ஆகவே கரையைக் காலி செய்ய வேண்டும் என்பது நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட வாதம். வடிகால் தூர்வாரப்பட வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. வெள்ளத்தில் முதலில் மூழ்குவது குடிசைதான். ஆனால் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக இதே வடிகாலின் மேல் உயர்மட்டச் சாலை அமைத்தபோது அதன் நீரோட்டம் அரசுக்கு நினைவுக்கு வரவில்லையா? 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், 15 நாள் முன்னறிவிப்பின்றி எந்த வீட்டையும் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பும் சாலை, ரயில் பாதை, நீர்நிலை ஓரக் கட்டுமானங்களுக்கும், நீதிமன்ற உத்தரவின்படியான இடிப்புக்கும் பொருந்தாது. நகரத்தின் ஏழைகள் வாழ்வதோ பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான்.

சொந்த நிலமா, பொது நிலமா?

விடுதிக்காரர் தம் சொந்த மனையில் கட்டியிருக்கிறார், குடிசைவாசியோ பொது நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறார், இரண்டும் ஒன்றாகுமா என்று கேட்பார்கள். நடுத்தர வர்க்க நண்பர்களிடையே நம் தோழர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. இதற்கு நேரான விடை வேண்டும்.

1957இல் தில்லி வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. 1961 முதல் பெருமளவில் நிலத்தைக் கையகப்படுத்தி, வளர்த்து, விநியோகிக்கும் பொறுப்பை அரசே எடுத்துக்கொண்டது. மத்திய அரசின் கையிலுள்ள இந்த ஆணையமே நகரத்தின் பெரும் நிலச்சுவான்தார். நிலத்தைத் தன் கையில் வைத்துக்கொண்ட அரசு, நகரத்தைக் கட்டவும் துடைக்கவும் வந்த தொழிலாளிக்குத் தேவையான வீட்டைக் கட்டவில்லை. வீடு கட்டித் தராத அரசு, வீடில்லாதவரை ஆக்கிரமிப்பாளர் என்பது எந்த நியாயம்? வாழ்விடம் இழந்தால் வாழ்வாதாரம் இழப்பர், ஆகவே அது உயிர் வாழும் உரிமையோடு பிணைந்தது என்று 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்றது. மறுவாழ்வு ஏற்பாடின்றி வெளியேற்றக் கூடாது என்று 2010இல் சுதாமா சிங் வழக்கிலும், 2019இல் சகூர் பஸ்தி தொடர்பான வழக்கிலும் தில்லி உயர்நீதிமன்றமே கூறியிருக்கிறது.

தமிழகத்துத் தோழர்களுக்கு இது புதிய கதையன்று. சென்னையில் விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த நகர ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் 113-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது; பின்னர் 2007 ஜூலை 1க்கு முன் கட்டப்பட்டவற்றுக்காக 113-சி வந்தது. அதே சென்னையில் கூவம் கரை மக்கள் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டனர்.

விடுதிகளை என்ன செய்வது?

அப்படியானால் எல்லா விடுதிகளுக்கும் சீல் வைத்துவிடலாமா? இல்லை. எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வெளியே நடைபாதையிலும் சுரங்கப்பாதையிலும் படுத்துறங்கும் நோயாளிகளின் உறவினர்களைப் பார்த்தவர்கள், குறைந்த வாடகைத் தங்குமிடம் இந்நகருக்கு எவ்வளவு தேவை என்பதை அறிவார்கள். தேர்வெழுத வரும் மாணவருக்கும் வேலை தேடி வரும் இளைஞருக்கும் அது தேவை. விடுதிகளில் வேலை செய்வோரும் தொழிலாளிகளே. இடிப்பை எதிர்க்கும் நாம், கண்மூடித்தனமான சீல் வைப்பை ஆதரிக்க முடியாது. வேறுபடுத்திப் பார்க்க வேண்டும் என்பதே நம் நிலைபாடு.

2010 விளையாட்டுப் போட்டியை முன்னிட்டு, தில்லி சட்டமன்றம் 2007இல் படுக்கையும் காலை உணவும் தரும் இல்லங்களுக்கான சட்டத்தை இயற்றியது. வீட்டு உடைமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும்; சில அறைகளை மட்டும் பயணிகளுக்குத் தரலாம்; அதனால் அது வணிக நிலையமாகக் கருதப்படாது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கும் தனித்து வாழும் பெண்ணுக்கும் இது ஒரு வருவாய். நியாயமான ஏற்பாடு. ஆனால் இன்று ஏர்பிஎன்பி போன்ற செயலிகளின் வழியாக, யாரும் குடியிராத முழு வீடுகளே நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. ஒருவரே பல வீடுகளைப் பிடித்து நடத்துகிறார். வீட்டுக்காரர் வீட்டில் இருக்க வேண்டும் என்ற விதியின் உயிர் அங்கே போய்விடுகிறது. மாத வாடகைக்குக் கிடைத்திருக்க வேண்டிய வீடு சந்தையிலிருந்து மறைகிறது. எஞ்சிய வீடுகளின் வாடகை ஏறுகிறது. அதைக் கொடுக்க முடியாதவர் வடிகால் கரைக்குப் போகிறார். குடிசையும் நாள் வாடகை வீடும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள்.

பாதுகாப்பு இன்னொரு கேள்வி. 2019 பிப்ரவரி 12 விடியற்காலையில் கரோல்பாகில் அர்பித் பேலஸ் விடுதியில் தீப்பிடித்து 17 பேர் மாண்டனர். அதன் பிறகே அதிகாரிகள் அப்பகுதி விடுதிகளைச் சுற்றிவந்து, பலவற்றின் தீயணைப்புச் சான்றுகளை ரத்து செய்தனர். ஏற்கெனவே இருக்கிறது என்பதற்காக ஒரு கட்டடம் தொடரலாம். ஆனால் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்காக அதன் படிக்கட்டு தீயில் அகலமாகிவிடாது. முன்னிருப்பு உரிமை பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்காக ஒருபோதும் ஆகக் கூடாது. உரிமம் காவல்துறையிடமிருந்து உள்ளாட்சிக்கு மாறிய இந்நேரத்தில் யார் சோதிப்பார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார் என்பதை அரசு சொல்ல வேண்டும்.

முதலாளித்துவ நாடுகளின் நகரங்களே இன்று இப்பிரச்சனையில் கோடு கிழிக்க நிர்ப்பந்திக்கப்பட்டிருக்கின்றன. வாடகை உயர்வுக்கு எதிராக மக்கள் வீதியில் இறங்கிய பார்சிலோனாவில், சுற்றுலாப் பயணிகளுக்கான 10,101 குடியிருப்புகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப் போவதில்லை என்று நகர மேயர் 2024 ஜூனில் அறிவித்தார். இருக்கும் உரிமம் எங்கள் சொத்து, அதைப் பறிக்கக் கூடாது என்று உடைமையாளர்கள் வாதாடினர். ஐந்தாண்டு கால அவகாசம் தரும் அந்தச் சட்டத்தை ஸ்பெயினின் அரசமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர் பதிவு செய்ய வேண்டும், விருந்தினர் தங்கும்போது தாமும் அங்கே இருக்க வேண்டும், இருவருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது. முன்னிருப்பு என்பது முடிவற்ற உரிமையல்ல. அவகாசம் தந்து, நிபந்தனை விதித்து, குடியிருப்போரின் நலனுக்காக அதை முடிவுக்குக் கொண்டுவர முடியும் என்பதே இவற்றின் படிப்பினை.

நம் கோரிக்கைகள்

சிறப்பு விதிகள் சட்டம் 2026 டிசம்பர் 31 அன்று காலாவதியாகிறது. 2041க்கான பெருந்திட்டத்தின் வரைவு 2021 ஜூனில் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டும் இன்னும் இறுதியாகவில்லை. இறுதி நேரத்தில் ஓர் அவசரச் சட்டம், மேலும் மூன்றாண்டு நீட்டிப்பு என்ற பழைய நாடகம் மீண்டும் அரங்கேறக் கூடாது. இப்போதே விவாதம் தொடங்க வேண்டும்.

முதலாவதாக, குடியிருக்கும் வீட்டுக்கும் இலாபத்துக்கான கட்டடத்துக்கும் ஒரே அளவுகோல் கூடாது. குடிசைப் பகுதிகளுக்கும் அங்கீகாரமற்ற காலனிகளின் குடியிருப்போருக்கும் காலவரம்பற்ற பாதுகாப்பு வேண்டும். இரண்டாவதாக, தகுதி நாள் என்பது கணக்கெடுப்பு நடக்கும் நாளாக இருக்க வேண்டும். மாற்று வீடு ஐந்து கிலோமீட்டருக்குள் அமைய வேண்டும். அங்கே குடியேறிய பிறகே பழைய வீட்டில் கை வைக்க வேண்டும். மூன்றாவதாக, மதராசி கேம்பில் தகுதியற்றோர் என்று கழிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்தின் விண்ணப்பமும் மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும். நான்காவதாக, நாள் வாடகை வீடுகள் அனைத்தும் பதிவு செய்யப்பட வேண்டும்; உடைமையாளர் குடியிராத முழு வீடுகளுக்கு உச்சவரம்பும் காலவரம்பும் வேண்டும்; விவரங்களைத் தரும் பொறுப்பு செயலி நிறுவனங்களுக்கும் உண்டு. ஐந்தாவதாக, பழைய விடுதிகளுக்கு அனுமதி நீட்டிக்கப்படும்போது தீ பாதுகாப்பும், தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் கட்டாய நிபந்தனைகளாக வேண்டும்.

குடிசை இருக்கும் இடத்திலேயே வீடு என்ற முழக்கத்தோடு பிப்ரவரியில் ஆட்சியைப் பிடித்த பாஜக, நான்கு மாதங்களில் வீட்டுக்கு பதில் புல்டோசரை அனுப்பியிருக்கிறது. மதராசி கேம்பை அடுத்து, ஜூன் 11 அன்று கோவிந்த்புரியின் பூமிஹீன் முகாமிலும் இடிப்பு நடந்தது. நிலமற்றோர் என்று பொருள்படும் பெயரைக் கொண்ட அம்மக்களிடம் எஞ்சியிருந்த கூரையும் பறிபோனது. 2022 ஏப்ரல் 20 அன்று ஜகாங்கீர்புரியில், உச்சநீதிமன்ற உத்தரவைக் கையில் ஏந்தித் தோழர் பிருந்தா காரத் புல்டோசரின் முன் நின்றதை நாடே கண்டது. அன்று இயந்திரம் நின்றது.

ஆனால் புல்டோசர் வந்த பிறகு நிற்பது மட்டும் போதாது. கணக்கெடுப்பாளர் வரும் முன்பே நாம் அங்கே இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, மாடியில் வாழும் குடும்பத்துக்குத் தனி ரேஷன் அட்டை இருக்கிறதா, எழுத்துப் பிழைகள் திருத்தப்பட்டனவா என்று வீடு வீடாகப் பார்க்கும் வேலை கவர்ச்சியற்றதுதான். எனினும் மதராசி கேம்பில் ஒரு தாளே ஒரு கூரையைத் தீர்மானித்தது. தலைநகரிலும் பிற நகரங்களிலும் வாழும் தமிழ் உழைப்பாளிகளிடையே, அவர்களோடு தோளுரசி வாழும் பீகார், வங்க, உத்தரப் பிரதேசத் தொழிலாளிகளிடையே, இந்த வேலையை நம் கிளைகள் தாமதமின்றித் தொடங்க வேண்டும். விடுதிக்கு நாடாளுமன்றம் தேதியை நீட்டித்துத் தருகிறது. வீட்டுக்கான தேதியை, ஒன்றுபட்ட மக்கள் இயக்கமே நகர்த்தியாக வேண்டும்.